நாய் மார்க் கம்பெனியிலிருந்து ஹாலிவுட் வரை

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இசைத்தட்டு 1973 மார்ச்சில் வெளிவந்தது. கறுப்பு அட்டை, நடுவில் ஒரு முப்பட்டகம், ஒரு பக்கம் நுழையும் வெள்ளை ஒளி மறுபக்கம் வானவில்லாகப் பிரிந்து போகும். பாட்டைக் கேட்டிராதவர்கள்கூட இந்தப் படத்தை யாராவது ஒரு இளைஞரின் டி-ஷர்ட்டில் பார்த்திருப்பார்கள். உலகம் முழுவதும் நான்கரைக் கோடிக்கு மேல் விற்றிருக்கும் என்று மதிப்பிடப்படும் இந்தத் தட்டை அமெரிக்காவில் விற்றுக் காட்டிய கம்பெனிக்கு அப்போது தலைவராக இருந்தவர் திருவனந்தபுரத்தில் பிறந்த விஜய பாஸ்கர் மேனன். 2021 மார்ச் 4 அன்று, கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரில், 86 வயதில் அவர் காலமானார்.

மேனன் பாடியோ இசையமைத்தோ பெயர் வாங்கியவர் அல்லர். இசைத்தட்டுக் கம்பெனியில் பயிற்சி நிர்வாகியாக நுழைந்து, கல்கத்தா, லண்டன், லாஸ் ஏஞ்சலிஸ் என்று ஏறிப்போய், கடைசியில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் உலக இசை வணிகம் முழுவதற்கும் தலைவரானவர். உலகளாவிய இசைக் கம்பெனி ஒன்றை ஆசியாவிலிருந்து போய் நடத்திய முதல் மனிதர் அவரே என்பார்கள். தமிழ்நாட்டில் அவர் பெயரை அறிந்தவர்கள் குறைவு. அவர் முதலில் நடத்திய கம்பெனியின் சரக்கைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு.

அவர் பிறந்தது 1934 மே 29. தந்தை கே.ஆர்.கே. மேனன் மத்திய அரசின் நிதித் துறைச் செயலாளராக இருந்தவர். மற்ற நோட்டுகளை ரிசர்வ் வங்கி வெளியிட, ஒரு ரூபாய் நோட்டை மட்டும் அரசே வெளியிடுகிறது. அதனால் அதில் நிதிச் செயலாளர்தான் கையெழுத்துப் போடுவார். சுதந்திரத்துக்குப் பிறகு, ராஜா தலை போய் அசோகத் தூண் சிங்கங்கள் வந்த முதல் ஒரு ரூபாய் நோட்டில் இருப்பது கே.ஆர்.கே. மேனனின் கையெழுத்து. மகன் படித்தது டேராடூனின் டூன் பள்ளி, டெல்லியின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி. அந்த நாளில் இப்படிப் படித்து வந்தவர்களை அரசுப் பணியோ வெள்ளைக்காரக் கம்பெனி உத்தியோகமோ வாசலில் நின்று வரவேற்கும். மேனன் இரண்டாவதைத் தேர்ந்தார். ஆனால் தேயிலை, சணல் பக்கம் போகாமல் 1956-இல் ஈ.எம்.ஐ.யில் சேர்ந்தார். அதன் தலைவர் ஜோசப் லாக்வுட் இந்த இளைஞரைத் தன் பார்வையிலேயே வைத்து வளர்த்தார். லண்டன் பயிற்சிக் காலத்தில் மேனன் உடனிருந்து வேலை கற்ற தயாரிப்பாளர்களில் ஜார்ஜ் மார்ட்டினும் ஒருவர். பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகளைத் தயாரித்துப் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மார்ட்டின் அப்போது அந்தக் குழுவைச் சந்தித்திருக்கக்கூட இல்லை. 1957-இல் மேனன் இந்தியா திரும்பி, ஈ.எம்.ஐ.யின் இந்தியக் கிளையான கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவில் பொறுப்பேற்றார்.

கம்பெனியின் முழுப் பெயர் பலருக்கும் தெரியாது. கிராமபோன் குழாயின் வாயருகே உட்கார்ந்து காது கொடுக்கும் நாயைத் தெரியாதவர் கிடையாது. எச்.எம்.வி. என்ற அந்த முத்திரைக்குக் கீழேதான் இந்திய இசையின் பெரும் பங்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சுழன்றது. லண்டன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் போன்றோரின் பாட்டுகளைப் பதிவுசெய்து கொண்டு போனார். 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை வந்தது; இருபது ஆண்டுகளுக்குப் பின் அது அருகிலுள்ள டம்டத்துக்கு இடம் மாறியது. பழைய தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. உலகத்துக்கு அரக்கு அனுப்பிய நாடு இந்தியா. கச்சாப் பொருளும் கூலியாளும் இங்கே இருக்கும்போது தட்டை மட்டும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேற்றுவானேன் என்பது கணக்கு. 1931-இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து ஈ.எம்.ஐ. ஆனதும் சந்தை ஏறக்குறைய ஒரே கையில் அடங்கியது. வேறு பெயர்களில் வந்த தட்டுகளில் பலவும் டம்டத்தில்தான் அச்சாயின.

தமிழ் சினிமாப் பாட்டுகள் எச்.எம்.வி., கொலம்பியா என்ற லேபிள்களோடுதான் ரேடியோ நிலையங்களுக்கும் ஓட்டல்களுக்கும் கல்யாணப் பந்தல்களுக்கும் போயின. 1963-இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் வேங்கடேச சுப்ரபாதம் வந்ததும் இதே கம்பெனியிலிருந்துதான். அந்தத் தட்டின் ராயல்டி திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கு எழுதிவைக்கப்பட்டது. இன்றும் விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கியிலும் டீக்கடையிலும் கேட்பது பெரும்பாலும் அந்தப் பதிவே. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை செலவு செய்து எடுத்த பதிவு இன்னும் வருமானம் தருகிறது என்றால், இந்தத் தொழிலின் ருசி எங்கே இருக்கிறது என்று புரியும். பழைய பதிவுகளின் கிடங்குதான் இசைக் கம்பெனியின் நிலபுலம்.

மேனன் 1960-களின் நடுவில் கம்பெனியின் நிர்வாக இயக்குநரானார், பிறகு தலைவர். அவர் நடத்த வேண்டியிருந்த சந்தை விசித்திரமானது. மேற்கே நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு ஒழிந்து, 45, 33⅓ வேகங்களில் சுழலும் வினைல் தட்டு வந்துவிட்டது. இந்தியாவில் அப்படி ஒரே நாளில் மாற்ற முடியாது. மின்சாரம் எட்டாத ஊர்கள் ஏராளம். ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் போன்ற ஊர்களுக்கு மின்கம்பிக்கு முன்பே பாட்டு போயிருக்குமானால், சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டியிலோ பேட்டரி ரேடியோவிலோதான் போயிருக்க முடியும். சாவிப் பெட்டிக்கு 78 தட்டுதான் பொருந்தும். அதனால் உலகம் கைவிட்ட பிறகும் டம்டத்தில் 78 தட்டுகள் அச்சாகிக்கொண்டே இருந்தன. இதில் ஒரு வேடிக்கை நடந்தது. பீட்டில்ஸ் பாட்டுகளும் 78 தட்டில் இந்தியாவில் அச்சாயின! பிரிட்டனில் வினைலில் மட்டும் கிடைத்த பாட்டுகள் இங்கே அரக்குத் தட்டில் கிடைத்தன. அன்று சில ரூபாய்க்கு விற்ற அந்தத் தட்டுகளை இன்று சேகரிப்பாளர்கள் பெரும் பணம் கொடுத்துத் தேடுகிறார்கள்.

இசைக் கம்பெனியில் ஒரு நிர்வாகி என்னதான் செய்கிறார்? பாடுபவர் பாடுகிறார், எழுதுபவர் எழுதுகிறார், ஒலிப்பதிவாளர் பதிவு செய்கிறார். அதுவரை ஆவது செலவு. யாரோடு ஒப்பந்தம், எத்தனை தட்டுகளுக்கு, முன்பணம் எவ்வளவு, விற்பனையில் கலைஞருக்கு எத்தனை சதவீதம் என்பதை முடிவு செய்பவர் நிர்வாகி. முன்பணம் இனாம் இல்லை; தட்டு விற்று வரும் ராயல்டியில் அது முதலில் கழிக்கப்படும், மிச்சம்தான் கலைஞரின் கைக்குப் போகும். அடுத்து, எத்தனை தட்டு அச்சிடுவது என்ற கேள்வி. குறைவாக அச்சிட்டால் கேட்ட நேரத்தில் கடையில் சரக்கு இருக்காது. அதிகமாக அச்சிட்டால், விற்காததைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். அமெரிக்காவில் அந்த உரிமை கடைக்காரருக்கு இருந்தது. லாரியில் ஏறிப்போன தட்டெல்லாம் விற்ற தட்டாகாது. பிறகு ரேடியோக்காரர்களைப் போட வைப்பது, பத்திரிகையில் எழுத வைப்பது, குழு எந்த ஊரில் கச்சேரி செய்கிறதோ அந்த ஊர்க் கடைகளில் அன்றைக்குச் சரக்கு இருக்கும்படி பார்ப்பது. இவ்வளவும் சரியாக நடந்தால் யாரும் நிர்வாகியைக் கவனிக்க மாட்டார்கள். தவறினால் நல்ல பாட்டும் கிடங்கிலேயே தூங்கும்.

இந்தியச் சந்தையில் பதிவு, அச்சு, கடை எல்லாவற்றையும் ஒரே கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேனனுக்கு அது நல்ல பள்ளிக்கூடம். பெரிய அதிகாரியானாலும் சாமான் தூக்கத் தயங்காதவர் என்பதற்கு 1968 ஜனவரிச் சம்பவம் ஒன்று உண்டு. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன், ‘வொண்டர்வால்’ என்ற படத்துக்கு இசையமைக்க பம்பாய் வந்தார். ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. பம்பாயில் எச்.எம்.வி.க்கு ஸ்டூடியோ இருந்தது. நல்ல ஸ்டீரியோ கருவி இல்லை. கல்கத்தாவிலிருந்து இரட்டைத் தட ஒலிப்பதிவு இயந்திரம் ஒன்றை மேனன் தாமே ரயிலில் ஏற்றிக்கொண்டு நாட்டின் மறுகோடிக்கு வந்து சேர்ந்தார். ஹாரிசன் இதைப் பின்னாளிலும் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தப் பதிவுகளில் வாசித்தவர்களில் சரோத் ஆஷிஷ் கான், சந்தூர் சிவகுமார் சர்மா, புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோர் இருந்தார்கள். சர்மாவும் சௌராசியாவும் அதற்கு முந்தைய ஆண்டுதான் கிடார் வாசித்த பிரிஜ் பூஷண் காப்ராவோடு சேர்ந்து ‘கால் ஆஃப் தி வேலி’ என்ற எச்.எம்.வி. தட்டில் வாசித்திருந்தார்கள். அதைத் தயாரித்தவர் கம்பெனியின் பம்பாய் அதிகாரி ஜி.என். ஜோஷி. இவரும் நினைக்கப்பட வேண்டியவர். வட இந்தியச் சாஸ்திரீய இசைத்தட்டுகளில் எத்தனையோ அவர் கைபட்டு வந்தவை.

படத்துக்கான இசை முடிந்தும் ஸ்டூடியோ நேரம் மிச்சமிருந்தது. அதில் ஹாரிசன் பதிந்துகொண்ட ஒரு மெட்டுக்கு லண்டனில் பாட்டுக் குரல் சேர்க்கப்பட்டு ‘தி இன்னர் லைட்’ ஆனது. 1968 மார்ச்சில் ‘லேடி மடோனா’ தட்டின் மறுபக்கத்தில் வெளிவந்தது. பீட்டில்ஸ் சிங்கிள் தட்டு ஒன்றில் ஹாரிசனின் பாட்டு ஏறியது அதுவே முதல் தடவை. அதன் வாத்தியங்கள் முழுக்க பம்பாயில் இந்தியர்கள் வாசித்தவை.

1971-இல் மேனன் அமெரிக்காவின் கேபிடல் ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்குத் தலைவரானார். 1942-இல் தொடங்கிய கேபிடலை 1955-இல் ஈ.எம்.ஐ. வாங்கியிருந்தது. ஹாலிவுட்டில் வட்ட வட்டமாகத் தட்டுகளை அடுக்கிவைத்தது போன்ற அதன் கோபுரக் கட்டடம் ஊருக்கே அடையாளம். உள்ளே நிலைமை வேறு. பீட்டில்ஸ் பணத்தில் பல ஆண்டுகள் கொழித்த கம்பெனி அது. அந்தக் குழுவின் முதல் சில பாட்டுகளை அமெரிக்காவில் வெளியிட வேண்டாம் என்று நிராகரித்ததும் இதே கேபிடல்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது கட்டுக்கதை. 1970-இல் பீட்டில்ஸ் பிரிந்தது. கேபிடல் நஷ்டத்தில் இறங்கியது. யார் யாருக்கோ கொடுத்த ஒப்பந்தங்கள், விற்காமல் திரும்பிய தட்டுகள், தேவைக்கு மேல் ஆட்கள். முப்பத்தாறு வயதில் வந்த புதிய தலைவர் கத்தியை எடுத்தார். கலைஞர் பட்டியல் சிறுத்தது. பலர் வேலை இழந்தார்கள். கணக்குப் புத்தகம் நிமிர்ந்தது. புகழுரைகள் இந்த இடத்தைச் சட்டென்று கடந்துவிடுகின்றன. வெளியே தள்ளப்பட்ட பாடகர்களுக்கும் ஊழியர்களுக்கும் அது அத்தனை சுலபமாகக் கடந்திருக்காது.

பதவியேற்ற அதே ஆண்டில் ஹாரிசனோடு மோதல் வந்தது. 1970 நவம்பர் புயலும் 1971 போரும் கிழக்கு வங்காளத்தைச் சிதைத்து, சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்திருந்தார்கள். ரவிசங்கர் கேட்டுக்கொண்டதால் ஹாரிசன் 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கில் இரண்டு காட்சிகள் நடத்தினார். பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் எல்லோரும் வந்தார்கள். டிக்கெட் பணம் இரண்டரை லட்சம் டாலரை நெருங்கியது. அதைவிடப் பெரிய தொகை கச்சேரிப் பதிவை மூன்று தட்டுகளாக வெளியிட்டால் வரும். வரும் பணமெல்லாம் அகதிகளுக்கே போக வேண்டும் என்பது ஹாரிசனின் பிடிவாதம். தட்டு அச்சிடவும் அனுப்பவும் ஆகும் செலவையாவது எடுக்க வேண்டும் என்றது கேபிடல். டிலன் கொலம்பியாவின் ஒப்பந்தக்காரர்; ஈ.எம்.ஐ.யில் இணைந்த கொலம்பியா அல்ல, அமெரிக்காவில் அதே பெயரில் இருந்த வேறு கம்பெனி. அவர் குரல் இருப்பதால் கொலம்பியாவும் பங்கு கேட்டது. மாதங்கள் ஓடின. நவம்பரில் ஹாரிசன் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் மேனனைப் பெயர் சொல்லியே சாடினார். வேறு கம்பெனியில் வெளியிடுவேன், வழக்குப் போடட்டும் என்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன் தனக்காக இயந்திரத்தை ரயிலேற்றிய அதே மனிதரை!

கடைசியில் கேபிடல், விற்பனைக்கு முன்பே 37.5 லட்சம் டாலர் முன்பணம் தந்தது. கொலம்பியாவுக்கு டேப் வடிவில் விற்கும் உரிமை போனது. டிசம்பரில் தட்டு வெளிவந்து, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் பெற்றது. ஹாரிசனின் கோபத்தில் நியாயம் இருந்தது. அகதி முகாமில் காலரா, கம்பெனியிலோ காகிதச் சண்டை. மேனன் பக்கமும் ஒன்று சொல்லலாம். நஷ்டத்தில் மூழ்கும் கம்பெனியை மீட்க வந்தவர், மூன்று தட்டுகள் கொண்ட பெட்டியைச் சும்மா அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் பங்குதாரர்கள் முன் நிற்க முடியாது. அந்த நிதிக்கு நேர்ந்த பெரிய தாமதத்துக்குக் கேபிடல் காரணமும் இல்லை. வரிவிலக்குக்கு உரிய முறையில் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாததால் பணத்தின் பெரும் பகுதி அமெரிக்க வரித்துறையின் பிடியில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடந்தது.

இனி பிங்க் ஃபிளாய்ட். 1965-இல் லண்டனில் உருவான குழு. ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் ஆகிய நால்வரும் 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் நன்கு அறியப்பட்டவர்கள். 1970-இல் வந்த ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ அங்கே விற்பனைப் பட்டியலின் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் அதே தட்டு 55-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அடுத்து வந்த ‘மெடில்’ பிரிட்டனில் 3, அமெரிக்காவில் 70. ஒரே இசை, ஒரே குழு, இரண்டு கரைகளில் இரண்டு தலையெழுத்து. குழு ஊர் ஊராகப் போய் வாசித்துக் கூட்டம் சேர்த்தது; கூட்டம் மறுநாள் கடைக்குப் போனால் தட்டு இல்லை. இது கேபிடலின் கோளாறு என்று குழுவினர் நம்பினார்கள். வெறுத்துப்போய், அடுத்தடுத்த தட்டுகளை அமெரிக்காவில் வெளியிட கொலம்பியாவோடு பேசி முடித்துவிட்டார்கள்.

மேனனுக்குத் தெரியவந்தபோது ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ லண்டனின் ஏபி ரோடு ஸ்டூடியோவில் உருவாகிக்கொண்டிருந்தது. குழுவோ 1972 நவம்பரில் பிரான்சின் மார்சேய் நகரில், ரோலான் பெத்தி என்ற நடன அமைப்பாளரின் பாலே நிகழ்ச்சிக்கு மேடையிலேயே வாசித்துக்கொண்டிருந்தது. மேனன் அங்கேயே போய் இறங்கினார். குழுவின் மேலாளர் ஸ்டீவ் ஓ’ரூர்க்கோடு இரவெல்லாம் பேசினார். விடியும்போது உடன்பாட்டின் விவரங்கள் ஒரு கைத்துடைப்புத் தாளில் எழுதப்பட்டிருந்தன என்று சொல்வார்கள். இந்தத் துறையில் கைத்துடைப்புத் தாள் கதைகள் கொஞ்சம் அதிகம்தான். எழுதியது எதில் என்பதைவிட எழுதியது என்ன என்பதே விஷயம்: இந்த ஒரு தட்டு மட்டும் கேபிடலுக்கு. அதற்குப் பிறகு குழு போய்விடும் என்று தெரிந்தே மேனன் அதை வாங்கினார்.

போகப்போகிற குழுவுக்குச் செலவு செய்வது வீண் என்று நினைக்கும் நிர்வாகிகள் உண்டு. மேனன் எதிர்த்திசையில் போனார். கம்பெனியின் விற்பனை ஆட்கள் முழுப் பலத்தோடு இதன் பின்னால் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தார். 1973 மார்ச்சில் தட்டு வெளிவந்த நேரத்தில் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது; மார்ச் 17 அன்று நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் வாசித்தார்கள். ஏப்ரல் 28 தேதியிட்ட, அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகைப் பட்டியலில் ‘டார்க் சைட்’ முதலிடத்தில் நின்றது.

முதலிடத்தில் அது இருந்தது ஒரே ஒரு வாரம். அதிசயம் அதற்குப் பிறகு. அமெரிக்க ரேடியோ அப்போது இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மத்திய அலை நிலையங்கள் மூன்று நிமிடச் சிங்கிள் பாட்டுகளை ஓட்டும். பண்பலை நிலையங்கள் நீண்ட பாட்டுகளையும் இரவில் முழுத் தட்டையுமே ஓட்டும். பிங்க் ஃபிளாய்ட் பண்பலைக் குழு. பிரிட்டனில் 1968-க்குப் பிறகு அதுவரை அவர்கள் சிங்கிளே வெளியிட்டிருக்கவில்லை. கேபிடல் ‘மனி’ என்ற பாட்டைச் சுருக்கி, ஒரு வசைச் சொல்லையும் நறுக்கி, மே மாதம் சிங்கிளாக விட்டது. காசு விழும் ஓசையும் கல்லாப்பெட்டி ஓசையும் தாளமாக வரும் பாட்டு அது. பில்போர்டில் 13-ஆம் இடம் வரை போனது. மத்திய அலை கேட்பவர்களும் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். அப்போது ஏறிய தட்டு இறங்க மறுத்தது. 1988 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்ட வாரங்கள் அது பில்போர்டின் முதல் இருநூறில் இருந்தது. அமெரிக்காவில் மட்டும் 1.5 கோடி பிரதிகளுக்கான சான்று பெற்றது.

இதில் மேனனின் பங்கு எவ்வளவு? 2003-இல் இந்தத் தட்டைப் பற்றி வந்த ஆவணப்படத்தில் நிக் மேசன் அவரைத் தாராளமாகப் பாராட்டுகிறார். அமெரிக்கக் கம்பெனியை விற்க வைத்தவர் அவர்தான் என்கிறார். இசைக் கலைஞர்கள் கம்பெனிக்காரர்களைப் பாராட்டுவது அபூர்வம் என்பதால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. அதற்காக, ஓர் இந்தியர் இல்லாவிட்டால் பிங்க் ஃபிளாய்டே இல்லை என்று நம் ஊரில் பெருமை பேசுவது அளவு மீறியது. அந்தப் பாட்டுகளை மேடையில் பல மாதங்கள் வாசித்து மெருகேற்றிய பிறகே குழு பதிவுக்கு வந்தது. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸின் உழைப்பு ஒவ்வொரு நொடியிலும் கேட்கிறது. மேனன் சேர்த்தது, கேட்க விரும்பியவருக்கு அது கிடைக்கும்படி செய்தது. முந்தைய தட்டுகளுக்கு அமெரிக்காவில் இல்லாமல்போனது அதுதான்.

யாருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு இதே தட்டில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டில் சொற்களே இல்லாமல் ஆலாபனைபோல ஒரு பெண் குரல் எழும். அது கிளேர் டோரி என்ற பாடகியின் குரல். ஸ்டூடியோவில் கூலிக்குப் பாட அழைக்கப்பட்ட அவருக்குக் கொடுத்தது 30 பவுண்டு. கோடிக்கணக்கில் விற்ற தட்டில் அவருக்கு ராயல்டி இல்லை. 2004-இல் அவர் வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு சமரசமானது. அந்தப் பாட்டின் இணை இசையமைப்பாளராக இப்போது அவர் பெயரும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கூலியா பங்கா என்பது இசைத் தொழிலின் ஆதிச் சண்டை. தமிழ் சினிமாப் பாட்டு ராயல்டி வழக்குகளைப் பின்தொடர்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

சொன்னபடியே குழு போனது. 1975-இல் ‘விஷ் யூ வேர் ஹியர்’ அமெரிக்காவில் கொலம்பியா லேபிளில் வெளிவந்தது. பழைய தட்டு கேபிடலிடம் இருந்தபடியே ஆண்டுதோறும் விற்றுக்கொண்டிருந்தது.

மேனனின் பிந்தைய பதவிகள் பெரியவை. 1978-இல் ஈ.எம்.ஐ.யின் உலக இசை வணிகத்தை ஒரே அமைப்பாக்கி அதற்குத் தலைவரானார். கம்பெனி லண்டனுடையது என்றாலும், அவர் ஆண்டது லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து. மறு ஆண்டே தார்ன் என்ற மின்பொருள் கம்பெனி ஈ.எம்.ஐ.யை விலைக்கு வாங்கியது. அந்தப் பத்தாண்டுகளில் டேவிட் போவியின் ‘லெட்ஸ் டான்ஸ்’, டினா டர்னரின் ‘பிரைவேட் டான்சர்’ போன்ற பெருவெற்றிகள் அவருடைய குடைக்கீழ் வந்தன. வினைல் தேய்ந்து கேசட் வந்ததும், கேசட்டைப் பின்தள்ளிக் குறுந்தகடு வந்ததும் அப்போதுதான். 1990-இல் விலகினார். பின்னர் ஊடக முதலீட்டு நிறுவனம் தொடங்கினார், என்.டி.டி.வி.யின் இயக்குநர் குழுவில் பல ஆண்டுகள் இருந்தார்.

அவர் விட்டுவந்த கல்கத்தாக் கம்பெனியைக் கேசட் அலை புரட்டிப் போட்டது. வட இந்தியாவில் டி-சீரிஸ், தமிழில் இளையராஜா பாட்டுகளோடு எக்கோ என்று புதிய பெயர்கள் எழுந்தன. பாட்டுக் கடை என்பது ஒரு டேப் ரிக்கார்டரும் வெற்றுக் கேசட்டும் இருந்தால் எந்தச் சந்தையிலும் திறக்கக்கூடியதாயிற்று. கேட்ட பாட்டைப் பதிந்து கொடுத்தார்கள், கம்பெனிக்கு ஒரு காசு போகவில்லை. மலை ஏறிச் சவுண்டு சர்வீஸ் கட்டுபவர் இனித் தட்டுப் பெட்டியைத் துணி சுற்றிப் பத்திரமாகத் தூக்க வேண்டியிருக்கவில்லை. 1980-களின் நடுவில் கிராமபோன் கம்பெனி ஆர்.பி. கோயங்கா குழுமத்தின் கைக்கு மாறியது. 2000-இல் சரிகம என்று பெயரும் மாறியது. பழைய பதிவுகளின் கிடங்கு மட்டும் கைவிட்டுப் போகவில்லை.

மேற்கிலும் அதே கதைதான். ஈ.எம்.ஐ. உடைந்து, 2012-இல் கேபிடல் உள்ளிட்ட பெரும் பகுதி யுனிவர்சல் மியூசிக் வசமானது. 2021-இல் மேனனின் மரணச் செய்தியை அறிவித்ததும் யுனிவர்சல்தான். 2024 அக்டோபரில் பிங்க் ஃபிளாய்ட் தன் பதிவுகளின் உரிமையைச் சோனிக்கு விற்றது. தொகை சுமார் 40 கோடி டாலர் என்று செய்திகள் கூறின. மார்சேயில் ஓர் இரவு பேசி மேனன் எந்தக் கொலம்பியாவின் கையிலிருந்து அந்த ஒரு தட்டைப் பிடுங்கினாரோ, அந்தக் கொலம்பியா இப்போது சோனிக்குச் சொந்தம்.